கிணறு அளந்த கொப்பி

என் கையெழுத்தையும் எழுத்துப்பிழைகளையும் மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். காலமான புவியியல் பேராசிரியரின் நினைவாக மாணவர் ஆராய்ச்சிக்கு விருது கொடுத்த விழாவில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். கூச்சத்தில் நான் எழும்பவில்லை. பேச நினைத்தது இதுதான்.

அச்சுவேலியில் எங்கள் தோட்டக் கிணற்றின் நீர்மட்டத்தைத் தன் மாணவர்களுக்காக நாள்தோறும் கயிறு விட்டு அளந்து ஒரு கொப்பியில் எழுதும் பொறுப்பை அவர் எனக்குத் தந்திருந்தார். மெலிந்த, உயர்ந்த மனிதர். வந்தால் முதலில் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொப்பியைத் திறப்பார்.

ஒருமுறை தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும் அவசரத்தில் மூன்று நாள் அளக்காமலே குத்துமதிப்பாக எழுதிவிட்டேன். அவர் கொப்பியைப் பார்த்து மெச்சியபோது மனம் பொறுக்கவில்லை.

"சேர், உந்த மூண்டு நாளும் நான் அளக்கேல்லை. சும்மா எழுதினது."

பொறுப்பைப் பறித்துவிடுவார் என்று பயந்து நின்றேன். அவர் தன் பேனையை நீட்டினார்.

"வெட்டிவிடும் தம்பி. நீர் சொல்லாட்டி என்ரை பிள்ளையள் பொய்யையெல்லோ படிச்சிருப்பினம்."

"இனி என்னை நம்புவியளே சேர்?"

"ஓம். என்னட்டைப் படிக்கிற பெடியள் ஒருத்தரும் உப்பிடி வந்து சொன்னதில்லை."

அதன்பிறகு எத்தனையோ முறை வந்தார். ஒருநாளாவது தானே கயிறு விட்டு என் கணக்கைச் சரிபார்க்கவில்லை. அது எப்படி அவரால் முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆடி அமாவாசையன்று எழுதி முடித்தேன்.