ருலோத்துக்குப் புதுத் தரை

பிறக்காத ஒரு பிள்ளையோடு நான் கோபம் போட்டிருக்கிறேன். அதுவும் கொஞ்சநஞ்சக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்த பெண். என் வீட்டுக்கு வந்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் திரும்பிப் போனதில்லை. இந்தக் கதையை அவளுக்கு நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் பிறகு அவளைப் பிடிக்க முடியாது.

தொண்ணூறுகளில் நாங்கள் இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், சீசா என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். இரண்டு அறை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் அம்மாவின் தம்பியான என் மாமாவும், அவரைப் போலவே மன்னாரிலிருந்து தனியாக வந்திருந்த பெடியன்களும். மாமா ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். மாமிக்கு விசா கிடைத்துவிட்டது, அவர் வயிற்றில் பிள்ளை என்ற செய்தியும் வந்துவிட்டது. அவரைக் கொண்டுவந்து இருத்துவதற்கு இடம்தான் இல்லை. இன்னும் ஒரு தலை கூடினால் எல்லோரும் வெளியே என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாமா வேலை முடிந்து வந்ததும் வீடு தேடப் போவார். அறை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தவர்கள், கைக்குழந்தை வரப்போகிறது என்றதும் அதே சிரிப்போடு சாத்தினார்கள். மாமி வரும் நாள் நெருங்க நெருங்க மாமா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். அவருடைய பங்கு முட்டைப் பொரியல் எனக்கு வந்ததால், நான் அதைப் பெரிய துன்பமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழி காட்டியது அம்மா வேலை செய்த வீட்டுக்கார அம்மா. சிஞ்ஞோரா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். நகரத்துக்கு வெளியே, கடற்கரைப் பக்கமாக அவருக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. அதன் மூலையில் ஒரு ருலோத் நின்றது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சக்கர வீட்டைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். கணவர் இருந்த காலத்தில் கோடைக்குக் கோடை அதில் ஊர் சுற்றினார்களாம். அவர் போன பிறகு சக்கரங்களில் காற்றும் போய், அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. திருத்தினால் உன் தம்பியும் பெண்சாதியும் வந்து இருக்கட்டும், பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கும்வரை இருந்தாலும் எனக்கென்ன என்று சிஞ்ஞோரா தன் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார். தண்ணீரும் மின்சாரமும் தோட்டத்திலிருந்த தன் வீட்டிலிருந்து இழுத்துக்கொள்ளச் சொன்னார். நன்றி சொல்ல அம்மாவிடம் இருந்த இத்தாலியன் போதவில்லை. சிஞ்ஞோராவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொல்லி முடித்தார். அந்த மனுஷிக்கு அது நன்றாகவே விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் பார்க்கப் போனோம். அப்பா கதவைத் திறந்து உள்ளே ஏறி, நாலு பக்கமும் பார்த்து, “சின்ன வேலை” என்றார். அப்பாவுக்கு எல்லாமே சின்ன வேலைதான். சொல்லி வாய் மூடவில்லை, வலது கால் முழங்கால்வரை தரைக்குள் போய்விட்டது.

“அத்தான், கால் இருக்கோ?” என்று மாமா வெளியிலிருந்து கேட்டார்.

“கால் இருக்கு. தரைதான் இல்லை.”

கூரை ஓரத்தால் மழைத்தண்ணீர் பல வருடங்களாக வடிந்து, கதவடியில் தேங்கியிருக்கிறது. மேலே போட்டிருந்த பழைய வினைல் விரிப்பு வெடித்துச் சுருண்டு கிடந்தது. கீழே இருந்த பலகை தேநீரில் நனைத்த பிஸ்கற் மாதிரி கையோடு வந்தது. மாமா ஓர் எலுமிச்சை மரத்தடியில் போய் இருந்துகொண்டார். எனக்கு அந்தச் சக்கர வீட்டைக் கண்ட முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. மடிக்கிற மேசை, கைக்குட்டை அளவு யன்னல், கூரையில் ஒரு திறப்பு. மாமிக்கு எதற்கு, எனக்கே தந்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

அப்பா துறைமுகத்தில் பயணிகள் கப்பல்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தார். ஒரு கப்பலின் அறைகளுக்குப் புதிதாகத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய வினைலில் ஒரு பெரிய சுருளை, வேலையாட்களில் ஒருவர், “பெண்சாதி வரப்போறவனுக்கு” என்று சொல்லி அப்பாவின் தோளில் ஏற்றிவிட்டார். நல்ல மனிதர். ஒட்டுகிற பசையையும் ஒரு பெரிய தக்காளி டின்னில் ஊற்றி, வாயைப் பொலித்தீனால் கட்டிக் கொடுத்தார். வினைல் கடும் நீலம், அதில் வெள்ளைப் புள்ளிகள். அப்படி ஓர் அழகான பொருள் எங்கள் குடும்பத்துக்கு அதற்கு முன் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்து வந்த சனி ஞாயிறுகளில் வேலை நடந்தது. சுவர் சுரண்டும் தகட்டால் பழைய விரிப்பை உரித்தார்கள். அது ஒரு மூலையில் இலகுவாக வரும், அடுத்த மூலையில் உயிரை வாங்கும். உக்கிய பலகையை நல்ல மரம் தெரியும்வரை அப்பா வாளால் அறுத்தெடுத்தார். கீழே இருந்த மரச்சட்டங்கள் காயட்டும் என்று சில நாள் விட்டுவிட்டு, அந்த ஓட்டைக்குப் பிளைவுட் வெட்டி வைத்து ஆணி முறுக்கினார். மாமா கூரை ஓரத்து வெடிப்பை அடைத்தார். எந்த ஆணித் தலையும் மேலே நிற்கக் கூடாது, நின்றால் வினைலில் முகப்பரு மாதிரித் தெரியும் என்று அப்பா என்னைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். நான் ஒவ்வொரு அங்குலமாகத் தடவினேன். அன்றிலிருந்து அது என்னுடைய தரை.

வினைலை வெட்டுகிற நாளில் ஆண்கள் இருவரும் அளவுநாடாவோடு சண்டைபிடித்தார்கள். சக்கரம் இருக்கிற இடத்தில் ஒரு மேடு, அலுமாரிக் காலடியில் ஒரு வளைவு, கதவடியில் ஒரு வெட்டு. அம்மா ஊரில் சட்டை தைத்தவர். இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, கைக்குழி வெட்டுவது போல வெட்டி எடுத்தார். தாளின் மேல்பக்கத்தில் ஒரு பெரிய சிலுவை கீறினார், புரட்டி வைத்து வெட்டிவிடக் கூடாது என்று. வினைல் போய்ப் பொருந்தியபோது அப்பா மேட்டைத் தடவிப் பார்த்து, “உன்ரை அம்மா கப்பலே தைப்பா” என்று என்னிடம் சொன்னார். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

மாமி வருவதற்கு முதல்நாள், சனிக்கிழமை பின்னேரம் பசை பூசினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சிரொக்கோ காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கொதித்த நாள் அது. ஈரப் பசையில் தூசி ஒட்டினால் அவ்வளவு பாடும் வீண் என்று அம்மா யன்னல்களைச் சாத்தினார். பல்லுப்பல்லான தகட்டால் அப்பா பசையை இழுத்துக்கொண்டு போக, மாமா பின்னால் வினைலை விரித்துக்கொண்டு வந்தார். சிஞ்ஞோரா பாஸ்தா உருட்டுகிற கட்டையைத் தந்திருந்தார். அதற்குத் துணி சுற்றி நான் உருட்டினேன், குமிழ் இல்லாமல். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. மாமாவின் காதைப் பார்த்துச் சிரித்தேன், கட்டையைப் பார்த்துச் சிரித்தேன். பெரியவர்கள் எல்லோருக்கும் தலையிடி. வெயில்தான் என்று அம்மா எல்லோர் நெற்றியிலும் தைலம் பூசிவிட்டு, என்னைப் பார்த்து, “பிள்ளைக்குக் கண்ணூறு” என்று முடிவுகட்டினார்.

வேலை முடிந்ததும் கதவு, யன்னல், கூரைத் திறப்பு எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டினார்கள். தூசிக்கு மட்டும் அல்ல. புதுவீட்டுக்குள் அந்த வீட்டுப் பெண்தான் முதலில் வலது காலை வைத்துப் போக வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், அதுவரைக்கும் வேறு ஒருவரும் உள்ளே அடிவைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நாங்கள் வேதக்காரர்தான், ஆனாலும் பால் பொங்காத வீடு எங்களுக்கு வீடு இல்லை. மடு மாதா படம் ஏற்கெனவே உள்ளே தொங்கியது. அதற்கு முன்னால் ஒரு மெழுகுதிரி, பக்கத்தில் காஸ் அடுப்பு, அதன்மேல் புதுச் சட்டி.

ஞாயிறு காலை நாப்போலிக் கப்பலில் மாமி வந்து இறங்கினார். மாமா விடியவே துறைமுகத்துக்குப் போய்க் கூட்டிவந்திருந்தார். மாமி மெலிந்து, கண் உள்ளே போய், சேலையை ஒரு கையால் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார். இரவு முழுக்கக் கப்பல் ஆடியதாம். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கோ தரையைக் காட்ட வேண்டும் என்ற அவசரம். பஸ்ஸில் போகும்போதே நீலம், வெள்ளைப் புள்ளி, குமிழ் இல்லை, நான்தான் உருட்டினேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “ஓம் பிள்ளை, ஓம்” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் சிஞ்ஞோரா பூப்போட்ட சட்டையோடு காத்து நின்றார். அம்மா மாமியின் கையில் பால் செம்பைக் கொடுத்தார். மாமா கதவைத் திறந்தார். வெயிலில் வெந்துகிடந்த பசையின் மணம் சுவர் மாதிரி வந்து முகத்தில் அடித்தது.

“புதுச் சாமான்ரை மணம்,” என்றார் அப்பா பெருமையோடு.

மாமி செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை வைத்து ஏறினார். மெழுகுதிரியும் அடுப்பும் கொளுத்துவதற்கு அப்பா பின்னால் ஏறினார். வெளிக்காற்று வந்து திரியை அணைத்துவிடாமல் கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தப் போனேன். அப்பா நெருப்புப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார்.

அந்த நேரம் மாமி திரும்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவின் கை, நெருப்புப்பெட்டி, சட்டையின் முன்பக்கம், என்னுடைய நீலத் தரை எல்லாவற்றிலும் வாந்தி எடுத்துவிட்டார். பெட்டி கீழே விழுந்து அதற்குள்ளேயே ஊறிப்போனது. பால் செம்பு மட்டும் எப்படியோ அவர் கையில் நிமிர்ந்தபடி இருந்தது.

அம்மா பாய்ந்து வந்து அவரை வெளியே இழுத்து, மரத்தடியில் இருத்தி, முதுகைத் தடவினார். “கப்பல் மயக்கம்,” என்றார் மாமா. “வயித்துப் பிள்ளை செய்யிற வேலை,” என்றார் அம்மா. ஆக, குற்றவாளி யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் முதலில் பார்த்தார்.

“உங்கடை தரையைப் பழுதாக்கிப்போட்டன், என்ன பிள்ளை? கோவியாதேங்கோ.”

நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் எனக்கு அவ்வளவு மிடுக்கு.

அப்பா வாசலில் வந்து நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. அடுப்பை வெளியே எடுத்துத் தரச் சொன்னார் அம்மா. அவர் எடுத்துக் கொடுத்தார், ஆனால் மரத்துக்கும் அப்பால், கிணற்றடியில் கொண்டுபோய் வைத்துக் கொளுத்தச் சொன்னார். சிஞ்ஞோராவின் லைட்டரால் மாமி அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கி வழியத் தொடங்கியபோது சிஞ்ஞோரா பதறிப்போய் அடுப்பை நிறுத்த ஓடினார். அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீணாக வழிகிற பாலைச் சுற்றி நின்று நாங்கள் சந்தோஷப்படுவதைச் சிஞ்ஞோரா அன்றைக்குப் பொறுத்துக்கொண்டது பெரிய காரியம்.

அப்பா இதைப் பற்றி வாய் திறந்தது நான் சொந்தமாக ஒரு வீடு வாங்கியபோதுதான். என் வீட்டில் மரத்தரை ஒட்டி முடித்திருந்தார்கள். நான் பால் சட்டியோடு போய் நின்றேன். அப்பா சட்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, எல்லா யன்னல்களையும் திறந்தார். இன்றைக்கு இங்கே ஒரு நெருப்பும் இல்லை என்றார். ஏன் என்று கேட்டபோது இருந்துகொண்டு சொன்னார்.

“கப்பல்லை தரை ஒட்டிற அறைக்குள்ளை சிகரெட்டோடை போறவனைக் கழுத்திலை பிடிச்சு வெளியாலை தள்ளுவாங்கள். அந்தப் பசை அப்பிடி. குச்சி உரசினால் காத்தே பத்தும். எத்தினை தரம் கண்ணாலை பார்த்தனான். அண்டைக்கு எனக்கு அது மண்டையிலை ஏறேல்லை. உன்ரை மாமி, அவளின்ரை வயித்துப் பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு நீ. அவள் மட்டும் அந்த நேரம்...”

அவர் எழும்பிப் போய், திறந்திருந்த யன்னலை இன்னும் அகலத் தள்ளினார்.

மாமியும் மாமாவும் அந்தச் சக்கர வீட்டில் சுகமாக இருந்தார்கள். பிள்ளை அந்த நீலத் தரையில்தான் தவழ்ந்தாள், அதில்தான் நடந்தாள். அவளுக்கும், அவளைச் சுமந்து அந்தக் கடலைத் தாண்டி வந்த தாய்க்கும் நான் என்ன கொடுத்தாலும் தகும். மாமிக்கு ஒருநாள் இதைச் சொல்லிக் காலைத் தொட்டுக் கும்பிடப் போனேன். “போ விசரி,” என்று காலை இழுத்துக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு நான் கோபத்தோடு கதவடியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கிணற்றடியில் சீனி போட்ட பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். யன்னல், கூரைத் திறப்பு எல்லாம் அகலத் திறந்திருந்தன. அப்பா ஒருவரையும் உள்ளே விடாமல், முழங்காலில் நின்று தானே தரையைத் துடைத்தார். துடைத்து முடிந்தது. துணியைப் பிழிந்து வாளிக்குள் போட்டார். பிறகும் எழும்பாமல், இரண்டு உள்ளங்கையையும் வினைலில் ஊன்றி, தலையைக் குனிந்தபடி அப்படியே நின்றார்.

“அப்பா, எல்லாம் போயிட்டுது. எழும்புங்கோ. பால் ஆறுது,” என்றேன்.

அவர் எழும்பவில்லை. என் கண்ணுக்குத் தெரியாத கறை ஒன்று இன்னும் கிடக்கிறதாக்கும் என்று, நானும் வாசலில் குனிந்து தேடினேன்.