சுத்தமான சிலிக்கான்

அந்த இரண்டு கிளிப்புகளையும் எனக்குச் செய்து கொடுத்தவர் என் அப்பா. அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவருக்கு ஹார்ட்வேர் கடை. இரண்டாயிரத்துகளின் நடுவில், தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். வேலை இதுதான்: காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள், அதைச் சேம்பர் என்போம், நகமளவு சிலிக்கான் துண்டை வைத்து, அதன்மேல் ஆர்கான் அயனிகளைச் செங்குத்தாகப் பாய்ச்ச வேண்டும். அயனிகள் மேற்பரப்பை அரிக்கும். அப்படி அரிக்கும்போது, யாரும் வரையாமலே, கண்ணுக்குத் தெரியாத நானோ புள்ளிகள் தாமாக வரிசைகட்டி எழும் என்று என் வழிகாட்டியான சாருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

ஒன்றரை வருடம் ஒன்றும் எழவில்லை. என்னோடு படித்தவர்களெல்லாம் கழுத்தில் அட்டை தொங்க சிறுசேரிக்கு ஐ.டி. வேலைக்குப் போனார்கள். நான் மொட்டைச் சிலிக்கானைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சிலிக்கான் துண்டைப் பிடித்திருக்கும் கிளிப்பு உடைந்தது. சிலிக்கான் பூசிய கிளிப்பு, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். இண்டெண்ட் என்கிற கொள்முதல் விண்ணப்பம் போட்டால் அது மேசைக்கு மேசை தூங்கும். அப்பாவிடம் புலம்பினேன். "இன்னாம்மா, இத்துனூண்டு தகடு, இதுக்குப் போயி ஃபாரினா?" என்று சிரித்தவர், லேத்துக்காரரிடம் எஃகுத் தகட்டில் இரண்டு வெட்டி வாங்கித் தந்தார். மாட்டினேன். ஆனால் சோதனைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல, எழுதத் தகுந்த விஷயமாகவே தோன்றவில்லை. சட்டைப் பொத்தான் மாற்றியதை யாராவது டைரியில் எழுதுவார்களா?

இரண்டு வாரத்தில் புள்ளிகள் எழுந்தன. நுண்ணோக்கியின் திரையில், மக்காச்சோளத்து முத்துகள் மாதிரி, நெருக்கமாக, வரிசை பிசகாமல். நான் அழுதே விட்டேன். சார் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். சுத்தமான சிலிக்கானில் ஒழுங்கு தானாகவே பிறக்கிறது என்று கட்டுரையும் வெளியானது.

பிறகு சேம்பரைப் பிரித்துச் சர்வீஸ் செய்தார்கள். அன்றோடு புள்ளிகள் நின்றன. அயனிகளின் வேகத்தை மாற்றினேன், நேரத்தைக் கூட்டினேன், துண்டைக் குளிர வைத்தேன். நாலு மாதம் மொட்டைதான். அதுவோ என் கடைசி வருடம். வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா ஒருநாள் கேட்டார்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப் போய் கீது?"

"புள்ளி வரலைண்ணா."

"நான் எல்லாத்தையும் பக்காவாத்தானே மாட்டிக் குட்த்தேன். இண்டெண்ட் போட்ட கிளிப்பு வந்துச்சில்ல, அத்த மாட்டிட்டு அந்த லோக்கலக் கழட்டிட்டேன். வோணும்னா டிராயர்ல கீது பாரு."

பழையதை மாட்டினேன். மறுநாளே புள்ளிகள். கழற்றினேன், மொட்டை. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான். மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் என்று சோதித்தபோது இரும்பு இருந்தது. அயனிகள் கிளிப்பின் ஓரத்தையும் அரித்து, இரும்பணுக்களைச் சிலிக்கான்மேல் தூவியிருக்கின்றன. அந்த இரும்பு இல்லாமல் புள்ளி இல்லை. சுத்தமான சிலிக்கான் வெறுமனே தேய்ந்துகொண்டு போகும், அவ்வளவுதான்.

சாரிடம் ஓடினேன். காரணம் தெரிந்துவிட்டது, இதையே எழுதலாம் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவர் கதவைச் சாத்தினார்.

"அழுக்கைப் படம் புடிச்சு கட்டுரை போட்டோம்னு நாமளே எழுதணுமா? உன் தீசிஸ்ல பாதி இந்தப் படம்தான். அதை எடுத்துட்டா என்னம்மா மிஞ்சும்?"

தீசிஸின் மேலட்டைதான் மிஞ்சும் என்று எனக்கும் தெரியும்.

"அப்படியே சப்மிட் பண்ணு," என்றார்.

பண்ணினேன். அவர் மிரட்டினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் மிரட்டவில்லை, எனக்கு அது தேவையும் படவில்லை. அங்கே அப்பா, ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு டாக்டராகப் போகிறாள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். கிளிப்பு விஷயத்தை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தென்கோடியில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆய்வு செய்கிற பெண். எங்கள் கட்டுரையை வரிக்கு வரி பின்பற்றி எட்டு மாதமாக முயல்கிறாளாம், ஒரு புள்ளிகூட வரவில்லையாம். அவள் கைதான் சரியில்லை என்கிறாராம் அவளுடைய வழிகாட்டி. இந்தப் பருவத்துக்குள் படம் காட்டாவிட்டால் அவளை விலகச் சொல்லிவிட்டாராம். கட்டுரையில் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாள். முழுக்க ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தில் 'அக்கா' மட்டும் தமிழ்.

கிளிப்பு என்று தட்டினேன். அழித்தேன். அவளுக்குச் சொன்னால் அவள் வழிகாட்டிக்குத் தெரியும். அங்கிருந்து என் தேர்வாளர் காதுக்கு எட்ட எத்தனை நாளாகும்? கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்: எழுதாமல் விட்டது எதுவும் இல்லை. உங்கள் சேம்பரில் அழுக்கு இருக்கலாம், நன்றாகச் சுத்தம் செய்து பாருங்கள்.

எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு அவ்வளவு அவளுக்குப் புள்ளி வராது. தெரிந்தேதான் எழுதினேன்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. ரொம்ப நன்றி அக்கா, நாளைக்கே முழுசாகப் பிரித்துக் கழுவுகிறேன் என்று எழுதியிருந்தாள்.