படத்தில் என் இரண்டு கைகளும் இருந்தன

காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தால் இல்லை, சலிப்பால். ராயபுரத்தில் ஹமீது பாய் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவில், இருட்டறையில் தனியாக நின்று வருஷக்கணக்காகப் படம் கழுவியவன். இருட்டில் ஏதாவது இருந்திருந்தால் முதலில் என்னிடம்தானே வந்திருக்க வேண்டும். செத்துப்போன அண்ணன் படத்தில் வந்துவிட்டான் என்று நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு, ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டு முறை படம் எடுத்துவிட்டார்கள், வேறொன்றுமில்லை என்று அவர்கள் முகத்தைப் பார்க்காமலே விளக்கி அனுப்பியிருக்கிறேன். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

வெள்ளைக்காரன் கப்பலேறிச் சில வருஷம் ஆகியிருந்த சமயம். படம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் என் விரல்களை அரித்துவிட்டது. தோல் வெடித்து எரியும், சோறு பிசைய முடியாது, சம்சாரம்தான் உருட்டிக் கொடுப்பாள். பழைய வேட்டியைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தேன். இந்த வேலையை விடு, இல்லாவிட்டால் விரல் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன், வேறு எந்த வேலைக்குப் போவது? அந்த நேரத்தில்தான் பாய் திருவொத்தியூரில் இன்னொரு கடை போடப்போவதாகப் பேச்சு வந்தது. அங்கே ஆலைக்காரர்களுக்கு, ஆலை வாசலில் காட்டுகிற பாஸில் ஒட்டப் படம் எடுத்தால் போதும், தகடுகளை இங்கே அனுப்பிக் கழுவிக்கொள்ளலாம், அங்கிருப்பவன் மருந்தைத் தொடவே வேண்டாம். என் வீடும் அதற்குப் பக்கத்தில் எர்ணாவூரில்தான். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

பாய் சிரித்தார். “நீ ஆளு மூஞ்சியே பாக்க மாட்டியே துரை, உன் எதிர்ல உக்காந்தவனும் பொணம் கணக்கா ஆயிடுவான். சிரிச்ச மூஞ்சியா ஒண்ணு எடுத்துக் காட்டு, அப்பறம் பேசலாம்.” ஓரம் கறுத்து விற்க முடியாமல் கிடந்த தகடுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனுஷர், இல்லை என்று சொல்லமாட்டேன்.

எதிரே வந்து உட்காருங்கள் என்று ஒருவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் என்னையே எடுத்துப் பழகினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போவார், படம் எடுக்கிற ஏகாம்பரம் சாப்பிட வீட்டுக்குப் போவான், கடை சாத்தியிருக்கும், நான் மட்டும்தான். காமிராவிலிருந்து நீளமான ரப்பர் குழாய் வரும், முனையில் எலுமிச்சம்பழம் அளவு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் படம் விழும். நாற்காலியில் துடைப்பத்தைச் சாய்த்து, என் தலை வரும் உயரத்துக்கு அளவு பார்த்துவிட்டு, அதை எடுத்துப் போட்டு நான் உட்காருவேன். புண்ணான விரல்கள் விழக் கூடாதென்று, பந்தைப் பிடித்த கையோடு இரண்டு கையையும் மடியில் துண்டுக்குள் மறைத்துக்கொள்வேன். தரையில் குழாய் என் காலருகே வளைந்து வருவது மட்டும் எல்லாப் படத்திலும் தெரியும். முகமா? போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தவன் முகம். வாராவாரம் அதே முகம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்தேன். துடைப்பம், துண்டு, பந்து, எல்லாம் வழக்கம் போல. அமுக்கினேன். அமுக்கியது நான்தான், யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன், விரல் வெடிப்பில் சுருக்கென்று வலித்தது இன்னும் நினைவிருக்கிறது. கழுவிக் காயவைத்துக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தால், துண்டு என் தோளில் கிடக்கிறது. இரண்டு கையும் முழங்கால் மேல் விரிந்திருக்கின்றன, துணி சுற்றிய விரல்கள் அத்தனையும் தெரிகின்றன. தரையில் குழாயே இல்லை. நான் சிரிக்கிறேன். காமிராவைப் பார்த்து இல்லை, காமிராவுக்குப் பின்னால் நின்றால் வலக்கைப் பக்கம் வருமே, அங்கே, கொஞ்சம் தணிந்து, ஒருவர் இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறேன்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஏகாம்பரத்துக்கும் திருவொத்தியூர் கடை மேல் கண் இருந்தது. காலையில் அவன் வாங்கிக் கொடுத்த டீயில் எதையாவது கலந்து, நான் மயங்கிக் கிடந்தபோது வந்து எடுத்திருப்பானோ? ஆனால் மயக்கத்தில் கிடப்பவன் எப்படிச் சிரிப்பான்? என்ன ஆனாலும் சிரித்த முகம் கிடைத்துவிட்டது, கடை எனக்குத்தான் என்று ஒரு ஆசையும் இருந்தது, பாய் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

பாய் முகம் மலர்ந்தது. பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“யார் எடுத்தது?”

“நான்தான் பாய்.”

“ரெண்டு கையும் இங்க கீது. பந்த அமுக்கின மூணாவது கை எங்க?”

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான். “நீங்க தொழுவுற நேரமா பாத்து தொரை யாரையோ உள்ள இஸ்த்துகினு வந்துகீறாரு பாய். சிரிப்ப பாரு, புது மாப்ள கணக்கா.”

பாய் முகம் மாறிவிட்டது. “தொழுவப் போற நேரத்துல என் கடையில...” என்றவர் படத்தை மேஜைமேல் போட்டார். “உள்ளத சொல்லு துரை. இல்லாட்டி நாளைலேந்து வர வேணாம்.”

கடை கேட்கப் போனவனுக்கு இருந்த வேலையும் போகிற நிலைமை. அதுவும் பெண் விஷயம் என்று பேரெடுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் முழுக்க ஏகாம்பரம் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் இருட்டறையில் தன் கையாலேயே தகட்டின் மூலையில் பிளேடால் ஒரு கோடு கீறிக் காமிராவில் வைத்தார். பின்கதவை உள்ளே தாழிட்டு அதன்மேல் பூட்டும் போட்டார்.

“ஏகாம்பரம், நீ என் கூட வா. மசூதி வாசல்ல உக்காரு, நான் வர வரிக்கும் நவுரக் கூடாது.”

“நான் இன்னா பாய் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. அதான் கூட வான்றேன்.”

வெளியே பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே கண்ணாடிக் கூரை, பளீரென்று வெயில், துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது. நீங்கள் எதிர்பார்ப்பது போல் குளிரும் அடிக்கவில்லை, மல்லிகைப்பூ வாசமும் வரவில்லை, வேர்த்துத்தான் ஊற்றியது. பிக்பாக்கெட்காரனைப் பார்ப்பது போல் காமிராவையே முறைத்துக்கொண்டிருந்தேன், வலப்பக்கம் காலி, இடப்பக்கம் காலி. கைகள் துண்டுக்குள். அமுக்கினேன். அப்புறம் பூட்டைத் திறக்கும்வரை அசையவில்லை.

பாய் தானே இருட்டறைக்குள் வந்து, தானே மருந்தில் நனைத்தார். சிவப்பு விளக்கில் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். மூலையில் அவர் கீறிய கோடு இருந்தது. கறுப்பும் வெள்ளையும் மாறித் தெரிந்தாலும் எங்கள் இருவருக்கும் அதைப் படிக்கத் தெரியும். நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, அதே வலப்பக்கம் குனிந்து, வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையை முன்னால் நீட்டியிருக்கிறேன். அதன் துணியெல்லாம் அவிழ்ந்து தொங்குகிறது. யாருக்கோ என் புண்ணைக் காட்டுகிறேன்.

அப்போது என் கையைப் பார்த்தேன். காலையில் சம்சாரம் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

“உள்ள யார்கிட்டயாவது பேசினியா?” என்றார் பாய், மெதுவாக.

“இல்ல பாய்.”

“பேசிகினு கீறியே.”

ஈரத் தகட்டை அவரே உடைத்தார். கையைக் கழுவிக்கொண்டே, “திருவொத்தியூர் கடைய நீயே பாத்துக்க. இந்தாண்ட வர வேணாம், பிளேட்ட ஏகாம்பரம் வந்து வாங்கிக்குவான்” என்றார். பெண் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. சிரித்த முகம் எடுத்துக் காட்டியதற்காகக் கடையைக் கொடுத்தாரா, என்னை அங்கிருந்து அனுப்பினால் போதும் என்று கொடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

திருவொத்தியூர் வந்த பிறகு விரல்கள் ஆறிவிட்டன, நானே சோறு பிசைந்து சாப்பிடுகிறேன். என்னை நான் மறுபடி படம் எடுக்கவில்லை. ஆலைக்காரர்கள் வந்தார்கள், எடுத்துக் கொடுத்தேன், பிழைப்பு ஓடியது. ஆனால் ஆலை ஆபீசிலிருந்து பாஸ் படங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. “நேரா பாக்கச் சொல்லு நைனா,” என்றார் அங்கிருந்த குமாஸ்தா, “பாசு படத்துல அந்தாண்ட பாத்து பல்ல காட்டிகினு இருந்தா எப்பிடி?”

திரும்பி வந்தவற்றை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாள். எல்லார் கண்ணும் ஒரே பக்கம். வலப்பக்கம், இடுப்பு உயரம்.

அவர்களில் நெட்டுக்குப்பத்துக்காரன் ஒருவன் மறுபடி படம் எடுத்துக்கொள்ள வந்தபோது, ஏன் அந்தப் பக்கம் பார்த்தாய் என்று கேட்டேன். “தெர்ல நைனா,” என்றான், “அப்பிடியே பாக்கணும்னு தோணிச்சு. மன்ஸு லேசா ஆயிடுச்சு.”

அன்று சாயங்காலமே காமிராவை இழுத்து வலப்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தேன். ஒரு பூனைகூட நிற்க இடமில்லை. நான் நிற்பது காமிராவுக்கு இடப்பக்கம். அடுத்த சில படங்கள் நன்றாக வந்தன, எல்லாரும் நேராகப் பார்த்தார்கள், தலைவலி விட்டது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் எடுக்கிற படங்களில் கண்கள் இடப்பக்கம் திரும்பியிருக்கின்றன. நான் நிற்கிற பக்கம்தான். ஆனால் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. என் இடுப்பை ஒட்டி, கொஞ்சம் முன்னால் பார்க்கிறார்கள்.