ரத்தினம் பிடித்த ஏணி

இரணியல் ஸ்டேஷன் பக்கம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க சத்தியராஜைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு டீ போட வேண்டும். பெயின்ட் அடிப்பது அவர். அவர் ஏறிய ஏணியைப் பிடிப்பது மனைவி ரத்தினம். பத்தொன்பது வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. "சும்மா பிடிச்சிட்டு நிக்கதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்கிற வீட்டுக்காரரை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டாம் தடவை யாரும் கேட்டதில்லை.

கல்யாணமான முதல் வருடம், ஏணியின் ஒரு கால் எட்டவில்லை என்று சத்தியராஜ் அதன் அடியில் தேங்காய் உரித்த மட்டைத் தொண்டு வைத்து ஏறினார். தொண்டு நழுவியது. விழுந்த இடம் சாணிக்குழி என்பதால் உயிர் பிழைத்தது. தோளெலும்பு மட்டும் உடைந்தது. அவரைக் குளிப்பாட்டியவள் ரத்தினம். கட்டு அவிழ்த்த அன்றே ஏணி அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது.

அதன்பின் சட்டம் எல்லாம் அவளுடையது. நனைந்த செருப்போடு ஏறக்கூடாது. கரண்டு கம்பிப் பக்கம் அலுமினிய ஏணி போகக்கூடாது. எட்டாத மூலைக்கு உடம்பைச் சாய்த்து எட்டக்கூடாது. தொப்புள் ஏணிக்கு வெளியே போனால் ஆளும் வெளியே போவான் என்பாள். ஒரு கை எப்போதும் ஏணியில். ஏறும் முன்பு போனைக் கீழே கொடுத்துவிட வேண்டும்.

அன்று வேலை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாராயணபெருமாளின் மாடி வீட்டில். ஏணியின் காலடியில் பாதத்தை வைத்து, கையை நேரே நீட்டி, எதிரே உள்ள படிக்கம்பு கைக்கு எட்டுகிறதா என்று ரத்தினம் பார்த்தாள். அவள் சரிவு பார்ப்பது அப்படித்தான். சார் டேப் கொண்டுவந்து அளந்தார். உயரம் பதினாறடி, சுவரிலிருந்து நாலடி. நாலுக்கு ஒன்று என்ற கணக்கு சரியாக இருந்ததில் அவருக்குச் சிறிது வருத்தம்.

நாலே முக்காலுக்கு ஜன்னல் திண்டில் இருந்த ரத்தினத்தின் போன் அடித்தது. சார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மகள் அபினா, பிரவுசிங் சென்டரிலிருந்து.

"அம்மா, அப்பாக்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும். ரெண்டு நிமிசத்துல சொல்லணும். அஞ்சு மணியோட ஃபாரம் குளோசு!"

கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு. அப்பா ஒரு மாதமாக, "நம்ம ஊர்ல வயல் இல்லியா? கோயம்புத்தூர் தூரமில்லா? பாக்கலாம்" என்று தள்ளிக்கொண்டு வந்த ஃபாரம்.

"இஞ்ச பாருங்க, போன் எங்க?"

ஏணியின் மேலே சத்தியராஜ் திருதிருவென்று விழித்தார். "சட்டைப் பையில."

"ஏறதுக்கு முன்ன என்கிட்ட தரலியா?"

"பாட்டு கேக்கலாம்ணு... இரு, எடுத்து வாசிக்கேன்."

"கைய எடுக்காதிய!"

"ஒரு நொடிதானே ஏட்டி."

"ஒரு நொடியிலதான் சாணிக்குழி."

"அப்ப கீழ போடுதேன், பிடி."

"நான் எதப் பிடிக்க? போனையா, உங்களையா?"

"நான் பிடிக்கேன், போடும்!" என்று சார் வேட்டியை விரித்து ஏந்தினார்.

"சார், நீங்க வேட்டிய இறக்குங்க."

"அம்மா, போச்சு!" என்றாள் அபினா. அழுகுரல். "இன்னும் ஒரு தடவைதான் அனுப்பும். அதும் போனா அவ்வளவுதான்."

ரத்தினத்துக்கு வெப்ராளமும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்த மனுசன் வேண்டுமென்றே போனை மேலே கொண்டுபோனாரோ? ஆனால் வாய் சொன்னது வேறு. "எறங்குங்க. பையப் பைய."

"பைய எறங்கினா ரெண்டு நிமிசம் போதுமா?"

"பைய எறங்குங்கணு சொன்னேன்."

பெயின்ட் வாளியைக் கொக்கியில் விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார். ஒரு படி, இரண்டு படி. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை உரக்கச் சொன்னார். "அதச் சொல்லாதிய சார்" என்றாள் ரத்தினம். ஒன்பதாம் படியில் போன் சட்டைப் பைக்குள் இருந்து சிணுங்கியது. இரண்டாவது ஓடிபி. சத்தியராஜின் கால் படிகளைத் தாண்டத் தொடங்கியது. நாலு படி மிச்சம் இருக்கும்போது இரண்டு கையையும் விட்டு ஒரே சாட்டமாகக் குதித்தார்.

மண்ணில் உட்கார்ந்தபடியே மகளுக்கு வாசித்தார். "ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்பது... கடைசியில மூணு, ஆறு. கேட்டுதா மக்களே?"

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஃபாரம் போயிட்டு!" என்று அபினா கத்தினாள். சார் கைதட்டினார்.

ரத்தினம் சிரிக்கவில்லை. கை இன்னும் ஏணியில்தான். "என்னத்துக்குச் சாடினிய?"

"நேரம் போகுதில்லா?"

"கோயம்புத்தூர் தூரம்ணு சொன்ன ஆளுதானே?"

"தூரந்தான்." பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அதுக்கு? எனக்க போனால பிள்ளைக்கப் படிப்பு போகவா?"

அவள் ஏணியை ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். பிறகு, "நாலு படி ஏறுங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"ஏறி, ஒழுங்கா எறங்குங்க."

அவர் உதவிக்குச் சாரைப் பார்த்தார். சார் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, ஏறுங்க" என்றது போன்.

ஏறினார். ஏணியைப் பார்த்தபடி, கை மாற்றிக் கை பிடித்து, படிக்கு ஒரு மூச்சு விட்டு இறங்கினார். தரைக்கு வந்ததும் தன் போனை அவளிடம் நீட்டினார்.

"சார்கிட்ட குடுங்க" என்றாள் ரத்தினம். "மேல பாதிச் சுவரு கிடக்கு. எனக்குக் கை ஒழிவில்ல."