தப்பு நம்முடையதாக இருக்கட்டும்

ஜமீலா மேடம் இறந்த செய்தி வந்தபோது, அவர் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியைத்தான் நான் வளர்த்துக்கொண்டிருந்தேன். அவர் கணவர் போனில் பேசினார். "ஜமீலா மௌத்தாயிட்டா சார். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க." போனை வைத்தபிறகு, கிருமி வளர்ந்துகொண்டிருந்த அந்தக் கண்ணாடித் தட்டைத் தொடக் கை வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் வேலை தெரியும். மருந்துக்குச் சாகாத கிருமிகளின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, எது எங்கிருந்து பரவியது என்று தேடுவோம். தென்னூரில் ஒரு மாடியில் ஆய்வகம். பல வருடமாக அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

ஒருமுறை, ஆஸ்பத்திரியில் இறந்த ஒருவரின் கிருமியும், ஊருக்குள் ஓடும் ஒரு வாய்க்காலில் நாங்கள் எடுத்த கிருமியும் ஏறக்குறைய எழுத்து மாறாமல் ஒத்துப்போயின. ஆஸ்பத்திரிக் கிருமி வாய்க்கால்வரை வந்துவிட்டதா?

"ரங்கன் சார், நீங்க பெருமாள்கிட்ட வேண்டிக்குங்க, நான் துவா கேக்கிறேன். தப்பு நம்மளோடதா இருக்கணும். ஒரு சாம்பிள் இன்னொண்ணுல கலந்திருக்கணும்" என்றார் மேடம். தங்கள் வேலை தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஆட்களை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்கமாட்டீர்கள். முதலிலிருந்து செய்தோம். அதே முடிவுதான் வந்தது. அன்று அவர் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

அதன்பிறகு பயம் ஸ்ரீரங்கத்தில் என் வீடுவரை வந்துவிட்டது. மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், நான் பார்க்கிற பார்வையிலேயே அழுதுவிடுவாள். வாங்கிவரும் கீரை, கொத்தமல்லியையெல்லாம் நானே திரும்பத் திரும்ப அலசுவேன். "கொத்தமல்லியை அலசி அலசி வாசனையே போயிருக்கும், விடுங்க சார்" என்று மேடம் கேலி செய்வார். ஆனால் முக்கொம்பில் நாங்கள் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தபோது, குழந்தையை ஆற்றில் விளையாட விட்டிருந்த ஒரு பெண், "நல்ல தண்ணிதானேங்க?" என்று கேட்டார். "வாயில போகாம பாத்துக்கங்கம்மா" என்று மட்டும் மேடம் சொன்னார்.

போன மாதம் பித்தப்பை ஆபரேஷனுக்காக மேடம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சின்ன ஆபரேஷன்தான். பிறகு காய்ச்சல் வந்தது, இறங்கவே இல்லை. பார்க்கப் போனேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவரே வாங்கிப் படித்தார். மருந்துப் பெயர்களின்மேல் விரல் ஒவ்வொன்றாக இறங்கியது.

"எந்த மருந்தும் கேக்கலையே சார்" என்றார். ஆய்வகத்தில் முடிவு வாசிக்கும் அதே குரல். "பயமா இருக்கு. என்னோட கிருமியையும் படிச்சுடுங்க. வீட்ல சொல்லிட்டேன்."

அடக்கம் முடிந்து வந்து அவர் கிருமியைப் படித்தேன். வாய்க்கால் கிருமியோடு ஒத்துப்போனது. எந்த வழியாக அவரை அடைந்தது என்று சொல்ல எங்களால் முடியாது. சாம்பிள் கலந்திருக்கும் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று பெருமாளிடம் வேண்டினேன். துவா கேட்க அவர் இல்லாததால், எனக்குத் தெரிந்தமட்டில் அதையும் நானே கேட்டேன். அதே முடிவுதான் வந்தது.

மேடம் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் உறைபெட்டியில், பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதிய சிறு குப்பி ஒன்றில் அந்தக் கிருமி இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். அது இன்னும் உயிரோடு இருக்கிறது.