ஒன்பது கேள்வி சுந்தரம்

“நெஞ்சுவலி வந்திருக்கா, பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, கிட்னியில கல்லு கில்லு உண்டா, வீசிங், வலிப்பு, ஆபரேஷன், ஆஸ்பத்திரியில படுத்தது, தினம் போடுற மாத்திரை?”

மூச்சு விடாமல் ஒன்பதையும் கேட்டு முடிக்கிறார் கல்யாணசுந்தரம். பேருந்து நடத்துநர் நிறுத்தங்களின் பெயரை அடுக்குகிற வேகம். எதிரே நிற்கிற ஆளுக்கு நான்காவது கேள்வி புரிவதற்குள் இவர் விரல்கள் ஒன்பதாவது கட்டத்தைத் தாண்டியிருக்கும். டேப் விசை, ‘என்’ விசை, மறுபடி டேப், மறுபடி ‘என்’. ‘என்’னைத் தட்டினால் கட்டத்தில் ‘நோ’ என்று விழும். “ஒண்ணும் இல்லையே? சந்தோஷம். நல்லா இருங்க. இங்க ஒரு கையெழுத்து.” சொல்லி வாய் மூடுமுன் அச்சு இயந்திரம் தாளைச் சூடாகத் துப்பிவிடும்.

துபாய் கராமாவில் ஒரு சலூனுக்கும் ஒரு கைபேசிக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டிருக்கிறது அவர் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டர். விசா, வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் என்று இந்த ஊரில் ஒருவன் சட்டப்படி குடியிருக்கத் தேவையான படிவங்களை எல்லாம் இங்கே தட்டித் தருவார்கள். இரண்டே மேசை. ஒன்றில் சுந்தரம், மற்றதில் அதிராம்பட்டினத்து முகம்மது யூசுப். என் அலுவலகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு எட்டு வருடமாக நானும் போய்வருகிறேன். வேலை பத்து நிமிடம்தான். ஆனால் சுந்தரத்தின் பேச்சுக்காக அரைமணி உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கம்.

அறந்தாங்கிக்காரர். வயது ஐம்பத்தெட்டு. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் தேறியவர் என்பதில் அப்படியொரு பெருமை. “இன்ஸ்டிட்யூட்ல எங்க மாஸ்டர் விரல் மேல கர்ச்சீப்பைப் போட்டு மூடிருவாரு சார். குனிஞ்சு பாத்தா ஸ்கேலால ஒண்ணு விழும்.” அந்த அடி வீண் போகவில்லை. நாற்பது வருடமாக மனுஷர் விசைப்பலகையைக் குனிந்து பார்த்ததே இல்லை. பார்த்துப் பார்த்துத் தட்டும் யூசுப்பைக் கண்டால் இளக்காரம். “கோழி கொத்துற மாதிரி கொத்துறான் பாருங்க!” தேநீர் வரத் தாமதமானால் வெறும் மேசைமேல் விரல்கள் தாமாக ஏ, எஸ், டி, எஃப் என்று பாடம் படிக்கும்.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற ஆடி மாதத்திலும் அவர் உடம்பில் பழுப்பு ஸ்வெட்டர் இருக்கும். ஏசிக் காற்று நேரே அவர் பிடரியில் அடிக்கிறது. இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னால், “வர்றவன் மூஞ்சி இங்கேருந்துதான் தெரியும்” என்பார். குடிப்பது சுலைமானி என்கிற பாலில்லாத தேநீர், அதுவும் சீனி இல்லாமல். ஊரிலிருந்து யார் திரும்பி வந்தாலும் அவருக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் வரும். முறுக்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தின் அடியில் இருப்பதை மட்டும் கீழ் இழுப்பறையில் உள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடுவார். ஒருநாள் ஸ்டேப்ளர் தேடும்போது பார்த்துவிட்டேன். பாட்டில் நிறைய மாத்திரை அட்டைகள். “வாய்வுத் தொந்தரவு சார்” என்றார். சீனி போடாத சுலைமானி எந்த ஊரில் வாய்வுக்கு மருந்து? நான் கேட்கவில்லை.

துபாயில் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல் விசா நகராது; அந்த ஒன்பது கேள்வியும் அதற்குத்தான். வேலையாளுக்குக் கம்பெனி எடுத்தாக வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கூட்டிவந்தவன் எடுத்தாக வேண்டும். ஆகவே அவர் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டேதான் உட்காருவார்கள். சட்டத்தைப் போட்டவரே சுந்தரம்தான் என்பதுபோலச் சண்டைக்கும் வருவார்கள். அவரும் சளைத்தவரில்லை. சட்டத்துக்கு அவரைவிட நல்ல வக்கீல் கிடையாது.

போன தை மாதம் தியாகு என்று ஒருவர் மனைவி ஷியாமளாவோடு வந்தார். மென்பொருள் கம்பெனியில் மேலாளர். “டெய்லி ஜிம் போறோம் சார். மூணு வருஷமா ஒரு க்ளினிக் வாசலை மிதிச்சதில்ல. அப்புறம் எதுக்குக் கம்பல்சரி? வேணுங்கிறவன் வாங்கிக்கட்டும்.”

சுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க ரூம்ல எட்டுப் பேரு சார். மெஸ் காசு எல்லாருக்கும் ஒரே பங்கு. நான் ரெண்டு கரண்டிச் சோறு. சாரம் கட்டுறவரு ஒருத்தரு அரைக் குண்டான் சோறு. யாரும் கேக்குறதில்ல. கேட்டா மெஸ்ஸு ஒரு வாரம் ஓடாது.”

“மெஸ் புடிக்கலைன்னா நான் வெளிய சாப்ட்டுக்கலாம்ல? இதுல அந்த வழியே இல்லையே?”

நியாயமான கேள்விதான். சுந்தரமும் கொஞ்சம் யோசித்தார். “புடிக்கலைன்னு போனவன்லாம் காய்ச்சல் வந்தா ரசச்சோறு கேட்டு மெஸ்ஸுக்குத்தான் சார் வர்றான். இல்லைன்னு சொல்லிர முடியுதா?”

தியாகு ஒப்புக்கொள்ளவில்லை. பிடிக்காததைக் கட்டாயம் என்று தலையில் கட்டுவது சரியே இல்லை என்று அடித்துச் சொன்னார். அதற்குள் ஷியாமளா குறுக்கே வந்தார். “போன வருஷம் முதுகு புடிச்சுக்கிட்டு பத்து சிட்டிங் பிசியோ போனீங்களே, அது க்ளினிக் இல்லையா?” கடையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் படிவம் அச்சாகி வெளியே வந்திருந்தது. ஒன்பது ‘நோ’. முதுகு அதில் ஏறவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஆட்கள் அந்தக் கேள்விகளுக்கு ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். விசாவுக்காக ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுக்கிற பரிசோதனை ஒன்று உண்டு. அதில் ஒட்டுகிற நோய் எதுவும் தெரிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பயத்தை அப்படியே தூக்கி இந்தப் படிவத்தின்மேல் வைத்துவிட்டார்கள். “சுகர்னு சொன்னா டிக்கெட் போட்டுருவான்” என்பது தொழிலாளர் கேம்ப்களில் வேதவாக்கு. “அந்த மெடிக்கல் வேற, இது வேறய்யா! மறைச்சா நாளைக்கு ஆஸ்பத்திரியில நிக்கிறப்பத்தான் தெரியும்” என்று சுந்தரம் தினம் நாலு பேரிடமாவது கத்துவார். கத்துவது வாய். கை தன் பாட்டுக்கு டேப், ‘என்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். என் படிவத்தைத் தட்டியதும் அந்தக் கைதான். எனக்கும் பிரஷர் உண்டு. நானும் கையெழுத்துப் போட்டவன்தான்.

ராக்கப்பன் வந்தது ஆவணி மாதம். மானாமதுரைப் பக்கத்துக்காரர், தரைக்குக் கல் பதிக்கிற கொத்தனார். சித்திரையில் இதே மேசையில் அவருடைய படிவம் போயிருந்தது. வெயிலில் சைட்டில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை நாளாகப் பிரஷர் என்று டாக்டர் கேட்க, “ஆறு வருசமா” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். இன்சூரன்ஸ்காரர்கள் அனுமதியை நிறுத்திவிட்டார்கள். படிவத்தில் பிரஷர் இல்லை என்று இருக்கிறதாம். வீங்கிய காலில் செருப்பை முழுதாக மாட்ட முடியாமல் வந்து நின்ற ராக்கப்பன், ஒன்பது ‘நோ’ உள்ள அந்தத் தாளை மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, இது நீங்கதேன் தட்டுனீக.”

“நான் தட்டுனேன், நீங்க ஏன்யா சொல்லல? அது வேற இது வேறன்னு தொண்டை கிழியக் கத்துறேன்ல?”

“பயந்தேன்ணே, இல்லேங்கல. இருந்தாலும் சொல்லிருவம்ண்டுதேன் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க தட்டி முடிச்சு, நல்லா இருங்கண்டு சொல்லிப்புட்டீக. பெரியவுக வாயால நல்லா இருங்கண்டு சொன்னப்பெறகு, இல்லண்ணே எனக்கு நோவு இருக்குண்டு எப்புடிச் சொல்றது?”

கோபமாகச் சொல்லியிருந்தால் சுந்தரம் ஒரு பாட்டம் திருப்பிக் கொடுத்திருப்பார். ராக்கப்பன் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். யூசுப் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

“உக்காருங்க” என்றார் சுந்தரம். ராக்கப்பனுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, நின்றபடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் தட்டினார். நான் பின்னாலிருந்து படித்தேன். விண்ணப்பதாரர் பதில் சொல்லுமுன் தட்டச்சாளர் எல்லாக் கட்டத்திலும் ‘நோ’ என்று நிரப்பிவிட்டார், பிழை தட்டச்சாளருடையது, அவர் பெயர் கல்யாணசுந்தரம், தொலைபேசி எண் இது. அவ்வளவுதான். கடையின் முத்திரையை எடுத்தபோது யூசுப் எழுந்தே வந்துவிட்டான்.

“அண்ணே, வேணாம். அர்பாப் பாத்தா கலாஸ், கதை முடிஞ்சுது. ஏற்கெனவே வயசாயிருச்சு வயசாயிருச்சுங்கிறாரு. அடுத்த மாசம் உங்க விசா வேற முடியுது.”

அர்பாப் என்றால் கடை முதலாளி, சுந்தரத்தின் விசா அவர் பெயரில்தான் இருக்கிறது. மகள் உமாராணியின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம், அதுவரை இந்த நாற்காலி வேண்டும். இது கடையில் எல்லோருக்கும் தெரியும். சுந்தரம் யூசுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

மூன்று வாரம் பதிலே வரவில்லை. சுந்தரம் தினமும் ராக்கப்பனுக்கு ஃபோன் போட்டு, “கால் வடிஞ்சிருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அனுமதி வந்தது, ஸ்கேனும் எடுத்தார்கள், வைத்தியம் நடக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அர்பாபுக்கே ஃபோன் போய்விட்டது. அவர் வந்தார், உட்காரவில்லை. “இனிமே இந்த மாதிரி மாஃபி” என்று, கூடாது என்பதற்கு விரலையும் ஆட்டிவிட்டுப் போனார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் சுந்தரத்தைக் கலக்கியது.

இப்போது அந்த மேசையில் வரிசை நீளுகிறது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். பதில் வந்த பிறகுதான் கை மேலே ஏறும். “யல்லா, ஜல்தி பாய்” என்று பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்திக் கத்தினாலும் அசைவதில்லை. ‘நல்லா இருங்க’ மட்டும் கையெழுத்துக்கு அப்புறம்தான்.

சென்ற வாரம் நான் போனபோது கடையில் கூட்டமில்லை. சுந்தரத்தின் திரையில் அவருடைய சொந்தப் படிவம். இன்சூரன்ஸ் எடுத்தால்தான் விசா நீளும்; தட்டி முடித்தால் அர்பாபின் கையெழுத்துக்குப் போகும். அர்பாப் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படிக்கிற ஆள். பழைய படிவங்களின் நகல் கோப்பில் இருந்தது. பதினோரு வருடம், வருடத்துக்கு ஒன்பது ‘நோ’.

“நான் தட்டித் தரட்டுமாண்ணே?” என்றான் யூசுப்.

“கேக்குறவன் நான், பதில் சொல்றவனும் நான். உனக்கென்ன வேலை?”

வழக்கம் விடவில்லை. வாய்விட்டுத்தான் கேட்டார். “நெஞ்சுவலி வந்திருக்கா?” கை மடிக்குப் போய்த் திரும்பி வந்தது. டேப், ‘என்’. “பிரஷர் இருக்கா?” டேப், ‘என்’.

“சுகர் இருக்கா?”

கை மடிக்குப் போனது. மேலே வரவில்லை. ஏசிக் காற்று ஸ்வெட்டர் காலரை அசைத்துக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பிறகு வரலாம் என்று போனார்கள்.

குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஒரு மாத்திரை அட்டையை உருவினார். பாட்டிலைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை, மேசைமேலேயே இருந்தது. நோய் உண்டு என்கிறவர்கள் மாத்திரையின் பெயர் எழுதுவதற்கென்று படிவத்தில் ஒரு நீளமான கட்டம் உண்டு. இத்தனை வருடத்தில் அதை அவர் நிரப்பி நான் பார்த்ததில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையை முகத்தருகே கொண்டுபோய்ப் பெயரைப் படித்தார். அப்புறம் விசைப்பலகையின் மேல் நன்றாகக் குனிந்து, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் கோழி கொத்துவதுபோலக் கொத்த ஆரம்பித்தார்.