பிரிக்காத இரண்டு சீட்டுகள்

சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு தொடங்குவார்கள். நான் கோபத்தோடுதான் தொடங்குகிறேன். சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் என் மகள் ரெபேக்காள் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில். கடலோரக் குப்பங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற செவிலியர் வேலை எனக்கு. பஸ் மெயின் ரோட்டோடு சரி. அப்புறம் மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடக்க வேண்டும். நடந்து நடந்து முட்டி போய்விட்டது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அந்த மணலில் புதையும். அதனால் கியர் வண்டி பழகி, முப்பத்தெட்டாவது வயதில் லைசென்ஸ் எடுத்தேன். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு பைக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

எந்த வண்டி வாங்குவது? மூன்று மாடல்களைக் குறித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் சீட்டுப் போட்டு ஜெபிப்போம். பெயர்களை எழுதி மடித்து வேதாகமத்துக்குள் வைத்து, எல்லாரும் முழங்கால்படியிட்டு, ஒன்றை எடுப்போம். மற்றச் சீட்டுகளைப் பிரிக்க மாட்டோம். பிரித்தால் அவிசுவாசம் என்பது வீட்டு வழக்கம். அன்றைக்கு என் கையெல்லாம் மீன் கழுவிய ஈரம். சீட்டு எழுதியவன் என் கணவரின் தம்பி ஜான்சன்.

நான்தான் கண்ணை மூடி எடுத்தேன். மூன்றில் பெரிய வண்டி வந்தது. உயரமும் அதிகம், கனமும் அதிகம். நான் ஐந்தடிகூட முழுதாக இல்லை. சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா அண்ணி யோசிக்கிற? கர்த்தரே சொல்லிட்டாரு, அப்பால இன்னா கீது?" என்றான் ஜான்சன்.

நம்பினேன். செங்கல்பட்டு ஷோரூமில் பதிவு செய்தோம். வண்டி வருவதற்குள் பழகிக்கொள்ளலாம் என்று, அதே மாடல் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருநாள் காலையில் வண்டியை இரவல் வாங்கினேன். உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையில் பட்டது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? கர்த்தர் கொடுக்கிற வண்டி, பயமென்ன என்று ஏழு வயதுப் பிள்ளையைப் பின்னால் ஏற்றினேன். என்மேலேயே எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

எங்கள் ஊர்ப் பழைய கோட்டையைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் குறுக்கே ஆடுகள். பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது. காலை ஊன்றினேன், தரை எட்டவில்லை. அப்படியே சரிந்தோம். சைலென்சர் என் கெண்டைக்காலைச் சுட்டது. பிள்ளை ரோட்டில் கிடந்தாள். பின்னால் வந்த பஸ் அவள் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. "ஏம்மா, காலு எட்டாத வண்டிய எட்த்துகினு வந்து உயிர வாங்கற!" என்று டிரைவர் கத்தினார். அவர் கத்தியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். மரியாதையாக ஜெபிக்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, நீர் கொடுத்த வண்டியில் என் கால் ஏன் எட்டவில்லை? என் பிள்ளையைக் கொல்லவா கொடுத்தீர்? எனக்குப் பதில் வேண்டும்" என்று சண்டை போட்டேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அழுதுகொண்டே வேதாகமத்தை எடுத்தபோது மடித்த இரண்டு சீட்டுகளும் மடியில் விழுந்தன. வழக்கமாவது ஒன்றாவது என்று பிரித்தேன்.

இரண்டிலும் அதே பெரிய வண்டியின் பெயர்.

கூப்பிட்டேன் ஜான்சனை. சீட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "நானும் அப்பப்ப ஓட்டலாம்னு ஒரு ஆசைல எழுதிட்டேன் அண்ணி. இப்டி ஆவும்னு தெரியாது."

"ஆசையா கீதுன்னா உம் பேர்ல எழுதிக்கோ. கர்த்தர் பேர்ல இன்னாத்துக்குடா எழுதுன?"

"வுடும்மா, சின்ன பையன்" என்றார் என் கணவர்.

"சின்ன பையனா? இருபத்தாறு வயசாவுது! ரோட்ல கெடந்தது நம்ம பொண்ணு!"

மறுநாள் ஷோரூமில் பதிவை மாற்றச் சொன்னேன். விற்பனைக்காரர் என் கணவர் முகத்தைப் பார்த்தே பேசினார். "ஓட்டப்போறது நானு. எங்கிட்ட சொல்லு" என்றேன். குறித்து வைத்திருந்த மற்ற இரண்டிலும் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிறதா, நானே பின்னுக்குத் தள்ள முடிகிறதா, ஸ்டாண்ட் போட முடிகிறதா என்று பார்த்தேன். இருப்பதிலேயே சின்னது என் உடம்புக்குப் பொருந்தியது. வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சாவியை வாங்கி ஜெபித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

போன மாதம் அதே ரோடு. பின்னால் ரெபேக்காள், இந்தமுறை அவள் தலையிலும் ஹெல்மெட். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து இரண்டு காலையும் ஊன்றினேன். பாதம் அழுந்தத் தரையில் பட்டது. வண்டி அசையவில்லை. அங்கேயே, ஹெல்மெட்டுக்குள்ளேயே ஸ்தோத்திரம் சொன்னேன். ஓவென்று அழுதுவிட்டேன்.

பிரியமானவர்களே, கர்த்தரிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், என்னை அவர் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர் சொன்னார் என்று யாராவது உங்களிடம் வந்தால், மிச்சச் சீட்டுகளையும் பிரித்துப் பாருங்கள். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜான்சன் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனை நான் மன்னித்துவிட்டேன். வண்டிச் சாவியை மட்டும் கொடுப்பதில்லை.